பூமியைத் தூக்கியவர் ஊர் ஊராக வருகிறார்

‘பெரிய மார்க்கெட்’ வரலாற்றுத் தொடர் – 17

சென்ற அத்தியாயத்தைக் காசு மாற்றும் சராப்புகளின் தராசுத் தட்டோடு நிறுத்தினோம். அந்தத் தட்டில் விழுந்த தங்கக் காசுகளில் இந்தக் கரையெங்கும் செல்லுபடியானது வராகன். எடை மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒரு குடும்பம் பல நாள் உண்டு உடுக்கும் மதிப்பு அதற்குள் இருந்தது. சென்னைப் பட்டணத்தில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம் என்று கணக்கு. ரூபாயில் சொன்னால் மூன்றரை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக இருந்த நம் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த தினசரியில் ரூபாயும் வராகனும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பெரிய மார்க்கெட்டை ஒட்டி அவர் பெயர் தாங்கிய வீதியில் அவருடைய மாளிகை இன்றும் நிற்கிறது. கொடுக்கல் வாங்கல், தூது, சண்டை, சமாதானம் எல்லாமே அந்தக் காலத்தில் இந்தச் சிறு காசைச் சுற்றித்தான் நடந்தன.

காசுக்கு அந்தப் பெயர் திருமாலின் பன்றி அவதாரத்திலிருந்து வந்தது. வாதாபிச் சாளுக்கியர்கள் வராகத்தைத் தங்கள் முத்திரையாகக் கொண்டார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து விஜயநகர அரசும் அதையே இலச்சினையாக்கியது. பன்றி, அதற்கு எதிரே குத்துவாள், மேலே சூரியனும் சந்திரனும். கடலில் அமிழ்ந்த பூமியை மீட்டவரைக் கொடியில் ஏற்றிய அரசன், ‘இந்த நாட்டைத் தாங்குவது நானே’ என்று சொல்லாமல் சொன்னான். காசிலும் கல்வெட்டிலும் கோட்டை வாசலிலும் அந்தப் பன்றி நின்றது.

அந்த அரசுகள் போயின. 1818இல் சென்னை மாகாணம் ரூபாயை ஏற்றுக்கொண்டபோது வராகன் காசும் வழக்கொழிந்தது. வராகப் பெருமாளின் வழிபாடோ அப்படியே நிற்கிறது. புதுச்சேரிக்குத் தென்மேற்கே, கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கொண்டிருக்கும் பூவராகசுவாமி, மாசிமகத்துக்கு ஆண்டுதோறும் கிள்ளைக் கடற்கரை வரை வருகிறார். வழியில் ஊர் ஊராக மக்கள் கூடுகிறார்கள். கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியப் பெருமக்கள் பட்டும் மாலையும் சாத்தி வரவேற்கிறார்கள். அரசர்கள் கைவிட்ட வராகத்தை மக்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

சேற்றிலிருந்து எழுந்த கதை

பன்றி பூமியைத் தூக்கிய கதை புராணங்களைவிடப் பழையது. சதபத பிராமணத்தில் பூமி ஒரு சாண் அகலம்தான். அதை ஏமூஷன் என்ற பன்றி மேலே கொண்டுவருகிறது. தைத்திரீய சம்ஹிதையில் உலகைப் படைக்கும் பிரஜாபதியே பன்றியாகி நீருக்குள் இறங்குகிறார். பிற்காலத்தில் அந்தச் செயல் திருமாலுக்கு உரியதானது. தமிழிலும் இது பழைய செய்தி. சங்க நூலான பரிபாடல், திருமால் கேழலாகி நிலத்தைத் தாங்கிய காலத்தை ஊழிகளின் வரிசையில் வைத்துப் பேசுகிறது.

நம் வீடுகளில் பாட்டிமார் சொன்ன கதைக்குப் புராணம் உடம்பு கொடுத்தது. வைகுண்ட வாசலில் சனகாதி முனிவர்களைத் தடுத்துச் சாபம் பெற்ற ஜயனும் விஜயனும் முதல் பிறவியில் இரணியாட்சனாகவும் இரணியகசிபுவாகவும் பிறக்கிறார்கள். இரணியாட்சன் பூமியைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு கடலுக்கடியில் ஒளிகிறான். மலை போன்ற உடம்போடு வராகம் நீருக்குள் பாய்கிறது. அசுரனைக் கொன்று பூமியைத் தன் கோரைப்பல்லில் ஏந்தி மேலே வருகிறது. வாசல் காத்தவனே பகைவனாகி, அவனுக்கு விடுதலை தருபவரும் அவனுடைய எஜமானரே ஆகும் கதை இது. பகையையும் தன் குடும்பத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கும் இந்தப் பார்வை வராக வழிபாட்டில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும்.

கல்லில் இந்தக் கதை கம்பீரமாக எழுந்த இடம் மத்தியப் பிரதேசத்தில் விதிசாவுக்கு அருகே உள்ள உதயகிரி. குப்தர் காலத்தில், கி.பி. 400ஐ ஒட்டி, பாறையைக் குடைந்து ஆளுயரத்தின் இருமடங்கு அளவில் வராகரை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தில் தேவரும் முனிவரும் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நம் மாமல்லபுரத்துச் சிற்பி அதே கதையை வேறு மனநிலையில் செதுக்கினான். வராக மண்டபத்தில் பூமித்தாய் பெருமாளின் உயர்த்திய தொடைமீது அமர்ந்திருக்கிறாள். அவர் முகம் அவளை நோக்கிக் குனிந்திருக்கிறது. உதயகிரியில் வெற்றி தெரிகிறது. மாமல்லையில் காணாமல்போன பெண் வீடு திரும்பிய ஆறுதல் தெரிகிறது.

அதே மாமல்லையில் ஆதிவராகக் குகைக்கோயில் இருக்கிறது. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த பல்லவ அரசர்களின் உருவங்கள் தங்கள் தேவியரோடு அங்கே நிற்கின்றன. அக்குகையில் இன்றும் பூஜை நடக்கிறது. அரசனின் சிலையைப் பார்க்க வருபவர் சிலர். பெருமாளைச் சேவிக்க வருபவர் பலர்.

கடற்கரைச் சாலையில் மேலும் வடக்கே போனால் திருவிடந்தை. திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம். காலவ முனிவருக்கு 360 பெண்கள். நாளுக்கு ஒருத்தியாக ஓராண்டு முழுவதும் அவர்களை மணந்துகொண்ட வராகப் பெருமாள், கடைசியில் எல்லோரையும் ஒன்றாக்கி அகிலவல்லித் தாயாராகத் தம் இடப்பக்கத்தில் வைத்தார் என்பது தலபுராணம். அதனால் நித்யகல்யாணப் பெருமாள் என்று பெயர். திருமணம் தள்ளிப்போகிறவர்கள் இரண்டு மாலை கொண்டுபோய், ஒன்றைப் பெருமாளுக்குச் சாத்தி, மற்றொன்றைக் கழுத்தில் அணிந்து கோயிலை ஒன்பது முறை வலம் வருகிறார்கள். புதுச்சேரியிலிருந்தும் இந்த வேண்டுதலுக்குக் குடும்பங்கள் போகின்றன. பெரிய மார்க்கெட் பூக்கடைகளில் கட்டிய மாலை அவர்கள் பையில் இருக்கும்.

திருமலையிலும் முதல் குடியிருப்பு வராகருடையதே. மலைமேல் சீனிவாசன் தங்க இடம் கேட்டார், வராகர் கொடுத்தார், அதற்கு ஈடாக முதல் தரிசனமும் முதல் நைவேத்தியமும் வராகருக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று என்பார்கள். புஷ்கரணிக் கரையில் வராகரைச் சேவித்துவிட்டுத்தான் ஏழுமலையானிடம் போகவேண்டும் என்ற வழக்கம் அப்படி வந்தது. நிலத்தை மீட்டவரிடமே நிலம் கேட்டு நிற்கும் அந்தக் கதையில் ஒரு நாட்டுப்புற நியாயம் இருக்கிறது. மண்ணுக்கு உரியவரை முதலில் மதித்துவிட்டே மற்றவை.

ஸ்ரீமுஷ்ணம்

வைணவர்கள் பெருமாள் தாமாகத் தோன்றிய தலங்கள் என்று எட்டைச் சொல்வார்கள். திருவரங்கம், திருவேங்கடம், வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரண்யம், புஷ்கரம், பத்ரிகாசிரமம், இவற்றோடு ஸ்ரீமுஷ்ணம். 108 திவ்ய தேசங்களின் பட்டியலில் இந்த ஊர் இல்லை. ஆனாலும் ஸ்ரீவைஷ்ணவர்களும் மாத்வர்களும் இதைத் தங்கள் பெருந்தலங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள்.

கோயில் மேற்கு பார்த்தது. ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் நாயக்கர் காலத்துக் கல்வேலை கண்ணை நிறைக்கிறது. புருஷசூக்த மண்டபம் என்னும் பதினாறு கால் மண்டபத்தில் தூணுக்குத் தூண் குதிரைகளும் வீரர்களும் பாய்கிறார்கள். நடுவே கைகூப்பி நிற்கும் நாயக்க மன்னர்களின் சிலைகள். அவர்கள் அணிந்த நகை, தலைக்கட்டு, இடையில் செருகிய வாள் எல்லாவற்றையும் சிற்பி விடாமல் செதுக்கியிருக்கிறான்.

இத்தனை பெரிய கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் மூலவர் சிறியவர். சாளக்கிராமத் திருமேனி. இரண்டே கைகள். இரண்டையும் இடுப்பில் ஊன்றி நிற்கிறார். வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து மூச்சு வாங்கும் உழவரின் நிலை அது. உடல் மேற்கு நோக்கியிருக்க, முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. சாகும் தறுவாயில் அசுரன் ‘என் பக்கம் ஒருமுறை பாரும்’ என்று வேண்டினான், பெருமாள் திரும்பினார், அப்படியே நின்றுவிட்டார் என்று சொல்கிறார்கள். கொன்றவர் கொல்லப்பட்டவனைப் பார்த்துக்கொண்டே நிற்கும் கருவறை இது.

பூமியை மீட்டுவந்தபோது பெருமாளுக்கு வியர்த்தது. அந்த வியர்வை பெருகியதுதான் நித்ய புஷ்கரணி. அவர் பார்வையிலிருந்து அரசமரமும் துளசியும் முளைத்தன. தலபுராணம் இப்படித் தீர்த்தத்தையும் மரத்தையும் செடியையும் ஒரே உழைப்பின் விளைவாகச் சொல்கிறது. தாயார் அம்புஜவல்லி. தாயாரின் தோழியரான ஏழு கன்னியருக்குக் குழந்தையம்மன் என்ற பெயரில் தனிச் சன்னதி உண்டு. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அங்கே போய் நிற்கிறார்கள். ஆகமம் அறிந்த பட்டாச்சாரியார் ஒருபுறம் மந்திரம் சொல்ல, ஏழு கன்னியரைக் கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்த் தேவதைகளைக் கும்பிடுவதுபோலவே கும்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே மதிலுக்குள் நடக்கின்றன. ஊரில் சிவனுக்கும் பழைய கோயில் உண்டு. அங்கே அவர் நித்தீஸ்வரர்.

ஸ்ரீமுஷ்ணத்துப் பிரசாதத்தை இந்தத் தொடரின் வாசகர்கள் அவசியம் அறியவேண்டும். கோரைக்கிழங்கு உருண்டை. கோரையை அறியாத உழவர் இந்தப் பக்கத்தில் இல்லை. வயலில் முளைத்தால் நெல்லின் சாரத்தை உறிஞ்சும். பிடுங்கினால் மேலே இருக்கும் தழைதான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடியும் முளைக்கும். எவ்வளவு கொத்தினாலும் தீராத களை. காட்டுப்பன்றிக்கோ அது விருந்து. மூக்கால் மண்ணைக் கிளறி, கிழங்கைத் தேடித் தின்னும். பன்றியாக வந்த பெருமாளுக்குப் பன்றி விரும்பும் உணவையே படைப்பது முறை என்று யாரோ ஒரு முன்னோர் முடிவு செய்திருக்கிறார். கிழங்கை இடித்துப் பொடியாக்கி, நெய்யும் சர்க்கரையும் சேர்த்து உருட்டி நிவேதனம் செய்கிறார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் இதே கிழங்குக்கு முத்தக்காசு என்று பெயர். பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு வாங்கும் கூட்டத்தில் காய்ச்சலுக்கும் செரியாமைக்கும் முத்தக்காசு கேட்பவர்களும் உண்டு. உழவர் களையென்று வரப்பில் எறிந்ததை வைத்தியர் மருந்தாக எடுத்தார். கோயில் அதைப் பெருமாளின் அமுதாக்கியது. ‘மண்ணில் விளைந்த எதுவும் கழிவல்ல’ என்று மண்ணை மீட்ட தெய்வத்தின் மடைப்பள்ளி நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நான் படித்த எந்தத் தத்துவ நூலும் இதைவிடத் தெளிவாக இதைச் சொன்னதில்லை.

பூமித்தாய் கேட்ட கதைகள்

வராகப் பெருமாள் பூமியைத் தூக்கியதோடு கதை முடிந்துவிடவில்லை. மேலே வந்த பூமித்தாய் அவரிடம் கேள்வி கேட்கிறாள். ‘என்மேல் பிறந்து வாழும் உயிர்கள் எப்படிக் கரையேறும்?’ அவர் சொல்லும் பதில்களே வராக புராணம்.

அந்தப் பதில்களில் ஒன்றை ஸ்ரீவைஷ்ணவர்கள் சரம சுலோகமாக, அதாவது கடைசிப் புகலிடமான வாக்காகப் போற்றுகிறார்கள். நல்ல நினைவோடு இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்திருந்தால் போதும்; கட்டையாகவும் கல்லாகவும் நினைவிழந்து அவன் கிடக்கும் கடைசி வேளையில் அவனை நான் நினைத்துக்கொள்வேன் என்பது அதன் கருத்து. மரணப் படுக்கையில் நாமம் சொல்ல நாக்கு எழாதே என்று அஞ்சும் மனிதருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எது? ஆண்டாளைப் பூமித்தாயின் அவதாரம் என்பது வைணவ மரபு. நாச்சியார் திருமொழியில் அவள், பாசி படர்ந்து கிடந்த மண்மகளுக்காக அழுக்கு உடம்போடு நீர் சொட்ட நின்ற பெருமாளை நினைக்கிறாள். அன்புக்காகத் தன் அழகையும் பெருமையையும் விட்டுக்கொடுத்தவர் என்பதே அவளுக்கு வராகர்.

இன்னொரு பதில் நம்பாடுவானின் கதை. தெற்கே திருக்குறுங்குடி மலையடிவாரத்தில் பாணர் குலத்தில் பிறந்தவன். கோயிலுக்குள் போக அவனுக்கு உரிமை இல்லை. இரவெல்லாம் விழித்து வெளியே நின்று கைசிகப் பண்ணில் பெருமாளைப் பாடுவான். ஒரு கார்த்திகை ஏகாதசி இரவில் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசன் அவனைப் பிடித்துக்கொள்கிறான். ‘பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு என்னைத் தின்னலாம்’ என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறான் நம்பாடுவான். பாடி முடித்ததும் சொன்னபடியே ஓடிவருகிறான். ராட்சசன் திகைத்துப்போய், ‘உன் பாட்டின் பலனைக் கொடு, என் சாபம் தீரும்’ என்று கெஞ்சுகிறான். வேள்வியில் தவறிழைத்து ராட்சசனான அந்தணன் அவன். பாணன் தன் பாட்டின் பலனைத் தானம் செய்ய, அந்தணன் விடுதலை பெறுகிறான்.

இந்தக் கதையைச் சொல்பவர் வராகப் பெருமாள், கேட்பவள் பூமித்தாய். கைசிக ஏகாதசியன்று வைணவக் கோயில்களில் இதை வாசிக்கிறார்கள். பராசர பட்டர் இதற்கு உரை எழுதினார். திருக்குறுங்குடியில் இது நாடகமாகவே நடிக்கப்பட்டு, இடையில் நலிந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டெடுக்கப்பட்டது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம் உள்ளே இருப்பவர் வரம் வாங்கும் கதையை ஒரு கோயில் மரபு ஆண்டுதோறும் வாசிக்கிறது. வாசித்ததை வாழ்க்கையில் நடத்திக்காட்டப் பல நூற்றாண்டுகள் ஆயின. சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன. ஆனாலும் அந்த நியாயம் மறக்கப்படாமல் ஏட்டில் நின்றது. பின்னால் வந்தவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொள்ள முடிந்தது.

கிள்ளைக்குப் போகும் பாதை

மாசி மாதம் மகம் நட்சத்திரத்தன்று கடலாடுவது தமிழ்க் கரையின் பெருவிழா. ஸ்ரீமுஷ்ணத்து உற்சவர் அதற்காகக் கோயிலை விட்டுப் புறப்படுகிறார். வெள்ளாற்றுப் படுகையின் நெல்வயல் ஊர்களைக் கடந்து, புவனகிரி வட்டாரம் வழியே கிள்ளைக் கடற்கரையை அடைகிறார். வழியில் ஊருக்கு ஊர் மண்டகப்படி. ஒரு ஊர் பந்தல் போடும். ஒரு ஊர் தளிகைக்கு அரிசி கொடுக்கும். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பானகமோ நீர்மோரோ தரும். நடக்கமுடியாத கிழவியும் கோயில் பக்கமே போகாத கூலியாளும் தங்கள் வாசலில் நின்றபடியே பெருமாளைச் சேவிக்கிறார்கள்.

கிள்ளையில் ஹஜ்ரத் சையது ஷா ரஹமத்துல்லா சுத்தாரி அவுலியாவின் தர்கா இருக்கிறது. பூவராகசுவாமி அங்கே வரும்போது தர்காவைச் சேர்ந்தவர்கள் மேளதாளத்தோடு எதிர்கொண்டு பட்டு, மாலை, பழத்தட்டு கொடுத்து மரியாதை செய்கிறார்கள். கோயில் தரப்பில் மாலையும் பிரசாதமும் தர்காவுக்குப் போகின்றன. அங்கே பாத்தியா ஓதுகிறார்கள். அதன்பிறகு பெருமாள் கடலாடச் செல்கிறார். நோயில் கிடந்த இஸ்லாமியப் பிரமுகர் ஒருவர் பெருமாளின் தீர்த்தம் பெற்றுக் குணமடைந்து, நன்றியாக நிலம் எழுதிவைத்தார் என்று இந்த உறவின் தொடக்கத்தைச் சொல்கிறார்கள். அவரவர் வழிபாடு அவரவருக்கு. பெருமாள் பெருமாளாகவே வருகிறார். அவுலியா அவுலியாவாகவே இருக்கிறார். நடுவில் இருப்பது மரியாதை. அதற்குரிய முறையை இரு தரப்பும் பிசகாமல் செய்கின்றன.

இந்த மரியாதை சண்டையே அறியாத மண்ணில் வளர்ந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கிள்ளைக்குப் பக்கத்தில்தான் சிதம்பரம். 1597இல் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் அங்கே தில்லைச் சிவன் கோயில் வளாகத்தில் திருமாலான கோவிந்தராசரின் சன்னதியைத் திரும்பக் கட்டுவிக்க முனைந்தபோது தில்லைக் கோயிலார் எதிர்த்தார்கள். கோபுரத்தின் மேலிருந்து விழுந்து பலர் உயிரை விட்டார்கள். அப்போது இந்தப் பகுதிக்கு வந்திருந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெண்டா அதைக் கேட்டுத் திகைத்து எழுதிவைத்திருக்கிறார். ஒரே வேதத்தை ஓதியவர்களுக்குள் நடந்த துயரம் அது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்ட வேளையில், சம்பா கோயில் எனப்படும் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியினரால் இடிக்கப்பட்டது. அந்த நாளின் வேதனையை ஆனந்தரங்கப் பிள்ளை தினசரியில் பதிந்தார். அவருக்கு அதிகாரத்தில் நெருக்கம் இருந்தது, கையில் வராகன் இருந்தது, பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்சின் காது இருந்தது. கோயிலைக் காப்பாற்ற அவை போதவில்லை. 1781 ஜூன் மாதம் சிதம்பரம் கோயிலே கோட்டையாகி, மைசூர் ஐதர் அலியின் காவற்படை உள்ளே இருந்துகொண்டு, தாக்கவந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையை விரட்டியது. சில நாட்களில், ஜூலை 1ஆம் தேதி, வெள்ளாற்று முகத்தில் உள்ள பரங்கிப்பேட்டைக்கு அருகே இரு படைகளும் மோதின. பெருமாள் கடலாட வரும் கிள்ளை அந்த ஆற்றுக்குத் தெற்கே சில மைல் தூரம்தான்.

பீரங்கி வண்டிகள் உருண்ட அதே மண்ணில்தான் இன்று சாமியும் தர்காவின் பழத்தட்டும் எதிரெதிரே வருகின்றன. அரசர்களின் மதிலும் படையும் கோயிலைப் போருக்குள் இழுத்தன. ஊர்களின் மண்டகப்படி முறை கோயிலை வாழ்க்கைக்குள் வைத்திருந்தது. எவருக்கு என்ன பங்கு, எந்த இடத்தில் எவர் மாலை, எவர் கையால் பிரசாதம் என்று பங்கு பிரிந்திருக்கும் வழிபாடு எளிதில் அழியாது. ஓர் அரசன் விட்டால் ஒரு கொடை நிற்கும். ஆயிரம் குடும்பங்களிடம் பங்கிருக்கும்போது அத்தனை பேரும் ஒரே நாளில் விட்டுவிட மாட்டார்கள்.

வைத்திக்குப்பமும் பட்டினமும்

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டார உற்சவர்கள் வந்து சேர்கிறார்கள். மயிலம் சுப்பிரமணியர் வருகிறார். தீவனூர் பொய்யாமொழி விநாயகர் வருகிறார். திண்டிவனத்துச் சீனிவாசப் பெருமாள் வருகிறார். கரையில் சைவம், வைணவம், கிராமத் தெய்வம் என்ற பிரிவெல்லாம் ஒரே பந்தலுக்குள் அடங்கிவிடுகிறது. விருந்தோம்புகிறவர்கள் மீனவர்கள். கடல் அவர்கள் வீடு என்பதால் கடலாட வரும் சாமி அவர்களுக்கு விருந்தாளி. அந்த நாட்களில் பெரிய மார்க்கெட் பூக்கடைகளில் சாமந்தியும் சம்பங்கியும் கூடை கூடையாக இறங்கிய வேகத்தில் காலியாகும். மீன் அங்காடியில் தினமும் குரல் கொடுத்து விற்கும் பெண்கள் அன்று பட்டுச் சேலையும் தலைநிறையப் பூவுமாகக் கரையில் நிற்பார்கள்.

புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்தில் உறவு இன்னும் நெருக்கமானது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசிமகத்துக்கு அங்கே வருகிறார். மீனவர் தலைவனின் மகளான பத்மினியை மணந்தவர் அவர் என்பது ஐதீகம். ஆகவே ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டே மீனவர்கள் தோள் கொடுக்கிறார்கள். திவ்ய தேசத்துப் பெருமாளை முறை சொல்லி அழைக்கும் உரிமையை எந்த அரசாணையும் அவர்களுக்குத் தரவில்லை. கதை தந்தது. ஆண்டுதோறும் அந்தக் கதையை நடத்திக்காட்டி அவர்களே அதைக் காத்துவருகிறார்கள்.

இந்த மூன்று கரைகளையும் சேர்த்துப் பார்த்தால் நம் பகுதியின் வரலாற்றை எங்கே தேடவேண்டும் என்பது தெரியும். வைத்திக்குப்பத்தில் சாமி விருந்தாளி, பட்டினத்தில் மாப்பிள்ளை, கிள்ளையில் மரியாதைக்குரிய அண்டை வீட்டார். மூன்று இடத்திலும் தெய்வம் தன் வாசலைத் தாண்டி வந்து பிறர் வாசலில் நிற்கிறது. கோட்டை, கவர்னர் மாளிகை, உடன்படிக்கை, முற்றுகை என்று படித்தே நமக்குப் பழகிவிட்டது. அவற்றுக்கு ஆவணம் உண்டு, தேதி உண்டு. ஒரு தட்டில் பழம் வைத்து எதிரே வரும் அண்டை வீட்டாருக்கு ஆவணம் கிடையாது. அவர் மறுபடியும் அடுத்த மாசியில் வருவதுதான் ஆவணம். அப்படிப்பட்ட ஆவணத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு அருங்காட்சியகத்துக்கு உரியதல்ல, நமக்கு உரியது. கிள்ளையில் இருக்கும் இந்த வழக்கத்தை வெறும் ‘நல்லிணக்கச் செய்தி’யாக ஆண்டுக்கு ஒருநாள் பத்திரிகையில் படித்துவிட்டு மறந்தால் நாம் அதன் பெறுமதியை அறியாதவர்கள் ஆவோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மாசிமகத்துக்காவது அங்கே போய் நிற்கவேண்டும். எந்தக் குடும்பம் எதைச் செய்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். அப்படிக் குறித்த ஒரு நோட்டுப் புத்தகம் நாளைக்கு ரங்கப் பிள்ளையின் தினசரிக்குச் சமமாகும்.

வராகன் காசு எந்தெந்தக் கைகளில் புழங்கியது என்று சராப்புகளின் கணக்கைத் தேடினோம். வராகரின் பிரசாதம் எந்தெந்தக் கைகளில் மாறுகிறது என்ற கணக்கும் அதற்குக் குறைந்ததல்ல. முதல் கணக்கு 1818இல் மூடப்பட்டது. இரண்டாவதில் இந்த ஆண்டும் வரவு இருக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் வெள்ளாற்று முகத்துக்குப் போவோம். மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம் வணிகர்களும் போர்ட்டோ நோவோ என்று ஐரோப்பியரும் அழைத்த பரங்கிப்பேட்டையில் அச்சான தங்க வராகன், அந்தத் துறைமுகத்தின் மரக்காயர் கப்பல்கள், அவற்றுக்கும் புதுச்சேரி அங்காடிக்கும் இருந்த தொடர்பு ஆகியவற்றைப் பார்ப்போம்.

(தொடரும்)